குழந்தையின் அச்சமும் சளி மாதிரிப் பரிசோதனையும்

2025ஆம் ஆண்டு ஜனவரித் திங்களின் முதல் வாரத்தில், பெங்களூரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த இரு கைக்குழந்தைகளுக்கு எச்.எம்.பி.வி. என்னும் வைரஸ் தொற்று இருந்ததை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கண்டறிந்தது. ஒன்று மூன்று மாதப் பெண் குழந்தை. மற்றொன்று எட்டு மாத ஆண் குழந்தை. இரண்டுமே வெளிநாடு சென்று வந்தவை அல்ல. நெதர்லாந்தில் 2001ஆம் ஆண்டிலேயே அடையாளம் காணப்பட்ட இவ்வைரஸ் நம் நாட்டிற்குப் புதியதும் அன்று. சுவாச நோய்க் கிருமிகளுக்கான வழக்கமான கண்காணிப்பின்போது இது தெரியவந்தது. இத்தகைய கண்காணிப்பு மூக்கிலிருந்தோ தொண்டையிலிருந்தோ எடுக்கப்படும் சளி மாதிரியைப் பெரிதும் நம்பியுள்ளது. அம்மாதிரியைத் தரவேண்டியவர் குழந்தையாக இருக்கும்போது எழும் இடர்ப்பாடு நிர்வாகத்தின் கவனத்திற்கு உரியது.

மூக்கின் வழியே மாதிரி எடுக்கும் முறையை முதலில் அறிந்துகொள்வது நலம். முனையில் செயற்கை இழை பொருத்தப்பட்ட மெல்லிய குச்சியை மேல்நோக்கிச் செலுத்தாமல், அண்ணத்திற்கு இணையாகப் பின்புறமாக, தடை தென்படும் வரை செலுத்தவேண்டும். அங்கே சில வினாடிகள் நிறுத்தி, மெதுவாகச் சுழற்றி வெளியே எடுக்கவேண்டும். கண்ணில் நீர் வரும், தும்மல் வரும், சிலருக்குக் குமட்டலும் உண்டாகும். பெரியவர்களே முகஞ்சுளிக்கும் இச்செயலின்போது குழந்தை தலையைத் திருப்பிக்கொள்வதில் வியப்பில்லை. திருப்பிக்கொண்டால் குச்சி உரிய இடத்தை அடைவதில்லை. அடைந்தாலும் உரிய நேரம் நிற்பதில்லை. மாதிரி போதாதபோது, தொற்று இருந்தும் இல்லை என்ற முடிவு வரக்கூடும். ஆகவே குழந்தையின் அச்சத்தைத் தணிப்பதும் பரிசோதனைத் துல்லியத்தின் ஒரு கூறே. அது பணியாளரின் இரக்க குணத்தைப் பொறுத்தது என்று விட்டுவிடத்தக்கதன்று.

மருத்துவமனையில் குழந்தையின் மனநிலையைப் பற்றிய சிந்தனை பழமையானது. 1952ஆம் ஆண்டு ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் பெற்றோரைப் பிரிந்திருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றி இங்கிலாந்தில் ஒரு திரைப்படம் எடுத்தார். பெற்றோர் தங்கள் குழந்தைகளைத் தடையின்றிக் காண அனுமதிக்கவேண்டும் என 1959ஆம் ஆண்டில் அந்நாட்டின் பிளாட் குழு பரிந்துரைத்தது. தாயை வெளியே நிறுத்திவிட்டுக் குழந்தையை உள்ளே அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடையே சில இடங்களில் இன்னும் தொடர்வது வருந்தத்தக்கது.

செய்யவேண்டியவை எளியவை. குழந்தையைப் படுக்கவைத்துப் பலர் பிடித்து அழுத்துவதைக் காட்டிலும், தாய் அல்லது தந்தையின் மடியில் நிமிர்ந்து உட்காரவைப்பது சிறந்தது. பெற்றோரின் ஒரு கை குழந்தையின் கைகளை அணைத்திருக்க, மற்றொரு கை நெற்றியைத் தம் மார்போடு சேர்த்துத் தாங்கவேண்டும். கட்டுப்பாடு அதேதான், ஆனால் குழந்தை அதை அணைப்பாக உணர்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்குச் சற்று முன்னதாகச் சொன்னால் போதும். நெடுநேரம் முன்பே சொல்வது கவலையை வளர்க்கும். பள்ளி செல்லும் சிறுவனுக்கு முதல்நாளே சொல்லி, பொம்மையின் மூக்கில் குச்சியை வைத்து விளையாடச் செய்யலாம். "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லலாகாது. கூச்சமாக இருக்கும், கண்ணில் நீர் வரும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும் என்று உள்ளதைச் சொல்வதே முறை. ஒருமுறை ஏமாற்றப்பட்ட குழந்தை அடுத்த முறை தடுப்பூசிக்கும் வர மறுக்கும். பரிசோதனை வேண்டுமா என்று கேட்பது பொருளற்றது. எந்த மூக்குத்துளையில் முதலில் என்று கேட்பது பொருளுடையது. எண்ணச் சொல்வதும், கதையொன்றில் கவனத்தைத் திருப்புவதும் உதவும். அழுத குழந்தையைக் கடிந்துகொள்ளாமல், அசையாதிருந்ததைப் பாராட்டவேண்டும்.

பெங்களூரில் மற்றொன்றும் உண்டு. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஒரே தெருவில் கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு ஆகிய மொழிகளைக் கேட்கலாம். முகக்கவசம் அணிந்த புதியவர் ஒருவர் புரியாத மொழியில் எதையோ சொல்லியவாறு குச்சியுடன் நெருங்கினால் குழந்தை எங்ஙனம் அமைதியாக இருக்கும்? நான்கு மொழிகளில் நான்கைந்து வாக்கியங்களைப் பணியாளருக்குக் கற்பிக்கப் பெருஞ்செலவு ஆகாது. குழந்தை மனநலத்துறையைக் கொண்ட நிம்ஹான்ஸ் நிறுவனமும், அதன் அருகிலேயே இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் அமைந்துள்ள நகரில் இதற்கான பயிற்சி அரிதன்று.

காலம் போதவில்லை என்பதே வழக்கமாகக் கூறப்படும் மறுமொழி. கர்நாடகத்தின் முதல் கோவிட் நோயாளி 2020 மார்ச் 9 அன்று பெங்களூரில் கண்டறியப்பட்டதற்குப் பின், மாதிரிகளின் எண்ணிக்கை நாள்தோறும் வெளியிடப்பட்டது. நெருக்கடியில் அது தேவையே. ஆனால் எண்ணிக்கை மட்டுமே இலக்காகும்போது அழும் குழந்தை தாமதமாகக் கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, மூன்று மணி நேரத்தில் 60 மாதிரிகள் எடுக்கவேண்டிய முகாமில் ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைக்கும். அவர்களுள் பத்துக் குழந்தைகளுக்குத் தலா ஐந்து நிமிடம் கூடுதலாகத் தந்தால் மொத்தம் 50 நிமிடம். ஒரு மாதிரி பயனற்றுப் போனால் குச்சி, குழாய், குளிர்நிலையில் கொண்டு செல்லும் செலவு, ஆய்வுக்கூட நேரம், தந்தையின் ஒருநாள் கூலி அனைத்தும் மீண்டும் செலவாகும். முதற்செலவு கணக்கில் தெரிகிறது. இரண்டாவது செலவு எந்தத் துறையின் பதிவேட்டிலும் தெரிவதில்லை. இலக்கை வகுக்கும்போதே குழந்தைகளுக்கெனத் தனி நேரம் ஒதுக்கவேண்டும் என்பது இதனாலேயே.

குச்சியைத் தவிர்க்கும் வழிகளும் உள. நாகபுரியிலுள்ள நீரி நிறுவனம் உருவாக்கி, 2021ஆம் ஆண்டு மே திங்களில் ஏற்பு பெற்ற முறையில், உப்புக்கரைசலை 15 வினாடி தொண்டையிலும் 15 வினாடி வாயிலும் கொப்பளித்துக் குழாயில் துப்பினால் போதும். ஏழெட்டு வயதுச் சிறுவர்கள் இதை விளையாட்டாகவே செய்துவிடுவர். கொப்பளிக்கத் தெரியாத இரண்டு வயதுக் குழந்தைக்கு இது பயன்படாது. அதற்குக் குச்சியும் பெற்றோரின் மடியும் தேவைப்படும்.