அறிவுரைக்கு முன் செவி
உளச்சிகிச்சை நெறிகள்: ஓர் ஒப்பாய்வு

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் ‘வழிகாட்டலும் அறிவுரை பகர்தலும்’ என்னும் பாடம் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. இத்தலைப்பின் முற்பகுதி பொருத்தமானதே. பிற்பகுதிதான் பயில்வோரை மயங்கச் செய்கிறது. ‘அறிவுரை பகர்தல்’ என்றவுடன், மூத்தவர் ஒருவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, எதிரே தலைகுனிந்து நிற்கும் இளையவருக்கு நன்மை தீமைகளை எடுத்துரைக்கும் காட்சியே மனக்கண்ணில் தோன்றும். ஆனால், கடந்த நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக மேலைநாடுகளில் வளர்ந்துள்ள உளச்சிகிச்சை நெறிகளுள் பல, அறிவுரைக்குக் கடைசி இடத்தையே தருகின்றன. சில அதனை அறவே தவிர்க்கின்றன. இதனை உணர்ந்தே அறிஞர் சிலர் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்னும் சொல்லை ஆளத் தலைப்பட்டனர். வழி தேடுவோருக்கு வழி காட்டி அனுப்புதல் என்பது அச்சொல்லின் பொருள், வழிநடப்பவர் தேடியவரே.

இந்நெறிகளுள் முதன்மையான நான்கினை ஒப்பிட்டு நோக்குவதும், நம் இல்லங்களுக்கு அவற்றால் விளையும் பயன் யாது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். மனம் நொந்த பிள்ளையோ, உடன்பிறந்தாரோ, முதியவரோ இல்லாத குடும்பம் அரிது. அவர்கள் பெரும்பாலும் முதன்முதலில் வாய் திறப்பது மருத்துவரிடம் அன்று, நம்மிடமே. அப்போது நாம் கூறும் முதல் மறுமொழியைப் பொறுத்தே அவர்கள் மேலும் பேசுவதும் வாய்மூடிக்கொள்வதும் அமைகின்றன.

ஒப்பிடுவதற்கு எளிதாக ஓர் எடுத்துக்காட்டை மனத்திற்கொள்வோம். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், நன்றாகப் படிப்பவன். தேர்வு நெருங்கினால் அவனுக்கு உறக்கம் வருவதில்லை, வயிறு வலிக்கிறது. தேர்வுக்கூடத்தில் கை நடுங்கிப் படித்தவை மறந்துபோகின்றன. மருத்துவர் பரிசோதித்து, உடலில் நோய் ஏதும் இல்லை என்கிறார். இவனை ஒவ்வொரு நெறியும் எவ்வாறு காணும்?

1. உளப்பகுப்பாய்வு நெறி

இந்நெறியின் தந்தை வியன்னா நகரில் மருத்துவத் தொழில் புரிந்த சிக்மண்ட் ஃபிராய்ட் (1856–1939). அவரும் அவருக்கு மூத்த மருத்துவரான ஜோசஃப் பிராயரும் இணைந்து 1895ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டனர். உடற்காரணம் புலப்படாத வாதம், பேச்சுத்தடை முதலிய குறிகளால் வருந்தியோர், புதைந்து கிடந்த நினைவுகளை உணர்ச்சியோடு எடுத்துரைத்தபோது அக்குறிகள் தணிந்தன என்பது அதன் சாரம்.

மனத்தின் பெரும்பகுதி நாம் அறியாதது. நனவிலி மனம் எனப்படுவது. ஏற்க இயலாத ஆசையும் அச்சமும் அங்கே அழுத்தப்பட்டுப் பின்னர் நோய்க்குறியாக வெளிப்படுகின்றன என்றார் ஃபிராய்ட். ஆகவே, நோயாளி படுக்கையில் சாய்ந்து, மனத்தில் தோன்றுவதை விலக்காமல் கூற வேண்டும். பின்புறம் அமர்ந்துள்ள பகுப்பாய்வாளர் அதன் பொருளை விளக்குவார். பெற்றோர் மீது இளமையில் கொண்ட உணர்ச்சிகளை நோயாளி மருத்துவர் மீது ஏற்றிக் காண்பதும் ஆராய்ச்சிக்குரிய பொருளாகும்.

நம் மாணவன் அஞ்சுவது வினாத்தாளுக்கா, அதன் பின்னால் தெரியும் தந்தையின் முகத்துக்கா என்று இந்நெறி வினவும். ஆழமான வினாதான். எனினும், முறையான பகுப்பாய்வு வாரத்திற்குப் பலமுறையாக ஆண்டுக்கணக்கில் நீள்வது, பொருட்செலவும் மிகுதி.

2. நடத்தை நெறி

நனவிலி மனத்தைத் தேடிச் செல்வதேன், அச்சம் கற்றுக்கொள்ளப்பட்டதாயின் அதனைக் கற்றவாறே மறக்கச் செய்யலாமே என்பது நடத்தை நெறியினர் வாதம். ரஷ்ய அறிஞர் பாவ்லவ் நாய்களைக் கொண்டு நிகழ்த்திய சோதனைகள் இதற்கு அடித்தளம் இட்டன.

மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் 1924ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, ஆசிரியர் அனைவரும் அறியத்தக்கது. மூன்று வயதுகூட நிரம்பாத சிறுவன் ஒருவன் முயலைக் கண்டு அலறினான். அவன் விரும்பிய தின்பண்டத்தை உண்ணும்போது, கூண்டிலிருந்த முயலைத் தொலைவில் வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார் அம்மையார். முயலுக்கு அஞ்சாத பிள்ளைகளோடும் அவனை விளையாட விட்டார். முடிவில் சிறுவன் முயலைத் தடவிக்கொடுத்தான். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசஃப் வோல்ப் 1958இல் வெளியிட்ட நூலில், தசைகளைத் தளர்த்தப் பழகியபின் அச்சத்தின் படிகளை ஒவ்வொன்றாக ஏறும் முறையை வகுத்துத் தந்தார்.

நம் மாணவன் முதலில் வீட்டில் பழைய வினாத்தாளுக்கு விடை எழுதுவான்; பின்னர் வகுப்பறையில், பின்னர் ஆளில்லாத தேர்வுக்கூடத்தில், இறுதியில் கடிகாரத்தை வைத்து எழுதுவான். ஒரு படியில் நடுக்கம் அடங்கிய பின்னரே அடுத்த படி.

3. எண்ணங்களைத் திருத்தும் நெறி

நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் எல்லிஸ் (1913–2007), பிலடெல்பியாவைச் சேர்ந்த ஆரன் பெக் (1921–2021) ஆகிய இருவரும் முதலில் உளப்பகுப்பாய்வு பயின்று, பின்னர் அதனின்று விலகியவர்கள். எல்லிஸ் 1955 முதலும், பெக் 1960களிலும் தத்தம் முறைகளை உருவாக்கினர். நடத்தை நெறியோடு இணைந்து இன்று இது ‘அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை’ எனப் பெயர் பெற்று உலகெங்கும் பரவியுள்ளது.

நிகழ்ச்சிக்கும் உணர்ச்சிக்கும் இடையே ஓர் எண்ணம் நிற்கிறது என்பது இதன் மையக் கருத்து. ‘ஒரு வினா தவறினால் என் வாழ்வே முடிந்தது’ என்பது நம் மாணவனின் உள்ளத்தில் அவனறியாமல் ஓடும் எண்ணம். அதனை ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்வர். அதற்குச் சான்று உண்டா, மாறான சான்று உண்டா, நண்பன் இவ்வாறு கூறினால் நீ என்ன மறுமொழி சொல்வாய் என்று வினவுவர். வீட்டுப்பாடமும் உண்டு! பெரும்பாலும் சில மாதங்களில் முடிவுறும்.

4. நபர்மைய நெறி

கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) என்னும் அமெரிக்கர், இளமையில் ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான பணியகம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தவர். அக்காலத்தில் அடங்காப்பிள்ளை ஒருவனின் தாயார் அவரிடம் வந்தார். தாய் அப்பிள்ளையை இளமையில் வெறுத்ததே காரணம் என ரோஜர்ஸ் கணித்தார். அதை அவர் உணருமாறு பலநாள் நயமாக எடுத்துரைத்தார். பயனில்லை. இனிச் சந்திக்க வேண்டா என இருவரும் ஒப்பிக் கைகுலுக்கினர். வாயில் வரை சென்ற அத்தாய் திரும்பி, “பெரியவர்களுக்கும் இங்கே சிகிச்சை உண்டா?” என்று வினவினார். உண்டு என்றதும் மீண்டும் அமர்ந்து, தம் மணவாழ்வின் துயரத்தைக் கொட்டித் தீர்த்தார். உண்மையான சிகிச்சை அன்றுதான் தொடங்கியது. தாயும் மகனும் பயனடைந்தனர். எங்கே வலிக்கிறது என்பதை வந்தவரே அறிவார் என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி தமக்குக் கற்பித்ததாக ரோஜர்ஸ் பின்னர் எழுதினார்.

அவரது முறையைப் பயிற்சிக் கல்லூரிப் பாடநூல்கள் ‘நெறிசாரா அறிவுரை’ என வழங்கும். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்து வில்லியம்சன் வகுத்த ‘நெறிசார் அறிவுரை’ இதற்கு எதிர்நிலையானது. ஒத்துணர்வு, நிபந்தனையற்ற மதிப்பு, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை ஆகியவற்றை உதவுவோரிடம் இன்றியமையாதனவாக 1957இல் ரோஜர்ஸ் வலியுறுத்தினார். அவர் நம் மாணவனுக்கு ஏதும் கற்பிக்க முற்பட மாட்டார். “தேர்வு என்றாலே எல்லாம் கைவிட்டுப் போவதுபோல் உனக்குத் தோன்றுகிறது” என்று, அவன் கூறியதன் உட்பொருளை அவனுக்கே திரும்பக் காட்டுவார். அடுத்த சொல் அவனிடமிருந்து வரும்.

ஒரு பெண்மணி, மூன்று வல்லுநர்கள்

நெறிகளை ஏட்டில் ஒப்பிடுதல் ஒன்று. நேரில் காணுதல் மற்றொன்று. அதற்கு அரிய வாய்ப்பளித்தது 1965இல் அமெரிக்க உளவியலார் எவரட் ஷாஸ்ட்ரம் வெளியிட்ட ஒரு படம். விவாகரத்துப் பெற்ற, முப்பது வயதளவிலான ஒரு தாய், ஒரே நாளில் மூன்று வல்லுநர்களைத் தனித்தனியே சந்தித்து உரையாடினார். ரோஜர்ஸ், எல்லிஸ், ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் (1893–1970) ஆகியோரே அம்மூவர். பெர்ல்ஸ் என்பவர், கடந்ததை விடுத்து இக்கணத்தில் உடலும் உள்ளமும் காட்டுவதை நோக்கும் ‘கெஸ்டால்ட்’ முறையைத் தோற்றுவித்தோருள் ஒருவர்.

ரோஜர்ஸிடம் அத்தாய் தம் ஒன்பது வயது மகளைப் பற்றிப் பேசினார். தந்தையைப் பிரிந்தபின் வேறு ஆடவருடன் உறவு கொண்டதுண்டா என மகள் வினவ, இல்லை என அவர் பொய்யுரைத்திருந்தார். உண்மையைக் கூறினால் குழந்தையின் மனம் கெடுமோ என்ற அச்சம் ஒருபுறம். தன்னை நம்பும் பிள்ளையிடம் பொய்யுரைத்த உறுத்தல் மறுபுறம். கூறலாமா, கூடாதா என்று அவர் விடை கேட்டார். ரோஜர்ஸ் அதற்கு விடையளிக்கவில்லை, விட்டுவிலகவும் இல்லை. உரையாடல் நீள நீள, பொய்யைவிடத் தன்னைத் தானே ஏற்க இயலாமையே தம்மை வாட்டுகிறது என்று அத்தாயே காணலானார்.

பெர்ல்ஸிடம், தமக்கு அச்சமாயிருக்கிறது என்றார் அவர். அச்சம் என்று சொல்லிக்கொண்டே சிரிக்கிறீர்களே என்று பெர்ல்ஸ் அப்போதே சுட்டிக்காட்டினார்; போலித்தனம் என்றும் கடிந்தார். அப்பெண்மணி வெகுண்டார். அவ்வெகுளியை உண்மையான வெளிப்பாடெனப் பெர்ல்ஸ் வரவேற்றார்.

எல்லிஸோ மிகுதியும் தாமே பேசினார். தாம் மதிக்கும் ஆடவர்முன் கூச்சம் ஏற்படுவதை அவர் கூற, ‘மறுக்கப்பட்டால் நான் பயனற்றவள்’ என்னும் எண்ணமே அதற்கு வேர் எனக் காட்டி, துணிந்து பழகுமாறு பயிற்சியும் அளித்தார்.

பெண்மணி ஒருவரே. ஆயினும் ஒருவரிடம் தாயாகவும், மற்றொருவரிடம் சினந்த குழந்தையாகவும், வேறொருவரிடம் மாணவியாகவும் தோன்றினார். கேட்பவர் எச்செவியால் கேட்கிறாரோ, சொல்பவர் அதற்கேற்பவே சொல்கிறார். பெற்றோரும் ஆசிரியரும் கருதத்தக்க உண்மை இது.

அன்று அவர் தமக்கு மிகவும் பயன்படக்கூடியவர் பெர்ல்ஸ் என்றே கூறினார். ஆயினும், பின்னாளில் அவர் மனம் மாறியது. ரோஜர்ஸ் தம்பதியரையே உள்ளத்தளவில் பெற்றோராகக் கொண்டு, 1979இல் தாம் மறையும் வரை கடிதத் தொடர்பு வைத்திருந்தார். சந்திப்போ ஏறத்தாழ அரைமணி நேரமே!

எந்நெறி சிறந்தது?

சால் ரோசன்ஸ்வைக் என்னும் அறிஞர், எல்லா நெறிகளிலும் நலம்பெறுவோர் இருப்பதால், அவற்றிடையே பொதுக்கூறுகள் இருத்தல் வேண்டும் என 1936ஆம் ஆண்டே எழுதினார். மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் ஆகிய இருவரும் 375 ஆய்வுகளைத் தொகுத்து 1977இல் வெளியிட்ட முடிவின்படி, சிகிச்சை பெற்றவருள் சராசரியான ஒருவர், பெறாதவருள் நூற்றுக்கு எழுபத்தைந்து பேரைவிட நல்ல நிலையில் இருந்தார். நெறிகளுக்கிடையே காணப்பட்ட வேறுபாடு சிறிதே. உதவுபவருக்கும் உதவி நாடுபவருக்கும் இடையே அமையும் நம்பிக்கை நலம்பெறுதலோடு தொடர்புடையது எனப் பிற்கால ஆய்வுகளும் காட்டியுள்ளன.

இதனால் எம்முறையும் ஒன்றே எனக் கருதலாகாது. குறிப்பிட்ட பொருளுக்கோ இடத்திற்கோ அஞ்சும் நோய்க்கும், கைகழுவுதல் போன்ற செயலை ஓயாமல் செய்யும் நோய்க்கும், அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளும் நடத்தை முறையே சிறப்பாகப் பயன்படுவது. மனச்சிதைவு, இருமுனை மனநோய் முதலியவற்றிற்குப் பேச்சு மட்டும் போதாது. மனநல மருத்துவர் தரும் மருந்து இன்றியமையாதது.

இல்லத்தில் கொள்ளத்தக்கவை

பயிற்சி மாணவியருக்கு நான் ஒரு பயிற்சி தருவது வழக்கமாக இருந்தது. இருவர் இருவராக அமர்வர். ஒருத்தி பத்து நிமிடம் தன் கவலையைக் கூறுவாள். மற்றவள் அறிவுரையோ ஆறுதலோ சொல்லாமல், கேட்டதை மட்டும் திரும்பக் கூற வேண்டும். மூன்றாம் நிமிடத்திலேயே வகுப்பெங்கும் “நீ ஏன் இப்படிச் செய்யக்கூடாது?” என்னும் குரல் எழுந்துவிடும். நல்லெண்ணத்தால் எழுவதே அக்குரல். ஆயினும், அது எழுந்தவுடன் எதிரில் இருப்பவளின் பேச்சு நின்றுவிடுவதை எல்லோருமே கண்டனர்.

ஆகவே, சில குறிப்புகள்:

அ) பிள்ளை பேசத் தொடங்கினால் கையிலுள்ள வேலையை விட்டு அமருங்கள்.

ஆ) “இதற்கா அழுவது?”, “அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்” என்னும் தொடர்களை அறவே விலக்குங்கள்.

இ) கேட்டதை உங்கள் சொற்களில் திரும்பக் கூறி, சரியா என்று வினவுங்கள்.

ஈ) அறிவுரை தேவைப்படின், “நான் ஒன்று சொல்லட்டுமா?” என்று இசைவு பெற்றுக் கூறுங்கள்.

உ) நம்பிக் கூறியதை உறவினரிடம் பேசுபொருளாக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து உண்டெனில் மட்டுமே இதற்கு விலக்கு உண்டு.

உறக்கமும் உணவும் பல வாரங்கள் குன்றினாலோ, படிப்பும் பணியும் தடைப்பட்டாலோ தகுதி பெற்றவரை நாடுவதில் காலந்தாழ்த்தலாகாது. வாழ விருப்பமில்லை என ஒருவர் குறிப்பாகச் சொன்னாலும், சாக நினைக்கிறாயா எனத் தெளிவாகக் கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் தோன்றிவிடாது. சுமையைப் பகிர வழியே பிறக்கும். அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவ உதவி நாடுக. நடுவணரசு 2022இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் ‘சினேகா’ அமைப்பின் தொண்டர்கள், பொறுமையாகக் கேட்பதையே தொண்டாகக் கொண்டவர்கள்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. தேர்வுக்கு அஞ்சும் மாணவனிடம் நான்கு நெறியினரும் கேட்கக்கூடிய முதல் வினா எதுவாக இருக்கும்? ஒவ்வொன்றாக எழுதுக.

2. மகளிடம் பொய்யுரைத்த தாய்க்கு ரோஜர்ஸ் நேர்விடை அளிக்காதது சரியா? குடும்பத்தில் உள்ளோர் கலந்து பேசுக.

3. இல்லத்தில் இருவர் மேற்கூறிய பத்து நிமிடப் பயிற்சியைச் செய்து பார்க்க. எந்நிமிடத்தில் அறிவுரை கூறத் தோன்றியது? அதனை அடக்கியபின் எதிரில் இருந்தவர் புதிதாக என்ன கூறினார்?