டைல்ஸ் ஒட்டும் முன் அக்காவை ஒரு வார்த்தை கேள்!

“அக்கா, அம்மா ஆறு மாச விசாவுல வராங்க. மூட்டுவலியோட ராத்திரி மாடி ஏற முடியாது. படிக்கட்டுக்குக் கீழே ஒரு டாய்லெட் போடலாம்னா, பிளம்பர் மேசரேட்டர் வைக்கச் சொல்றார். வைக்கலாமா?”

லண்டனில் புதிதாக வீடு வாங்கியிருக்கும் தங்கை வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்டாள். நானும் இதே ஊரில், இதே அம்மாவின் முழங்காலுக்காக அந்த மேசரேட்டர் பெட்டியை வைத்தவள்தான். வைத்த இரண்டாம் வருடம் அதைத் திறக்கச் சுவரை உடைத்தவளும் நான்தான். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இது என்ன சாமான்?

பாதி மிக்சி, பாதி தண்ணீர் மோட்டார். சாதாரண டாய்லெட்டில் கழிவு 110 மி.மீ. குழாயில் சரிவைப் பிடித்துத் தானாக இறங்கிவிடும். மேசரேட்டரில் டாய்லெட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கும். ஃப்ளஷ் செய்ததும் உள்ளே இருக்கும் பிளேடு எல்லாவற்றையும் அரைக்கும். பிறகு பம்ப் அதை 22 அல்லது 32 மி.மீ. பைப்பில் தள்ளிவிடும். அதனால் கான்கிரீட் தரையைத் தோண்ட வேண்டாம். இங்கே எல்லோரும் இதை ‘சானிஃப்ளோ’ என்றே சொல்கிறார்கள். அது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பிராண்ட் பெயர். ஜெராக்ஸ் மாதிரி பொதுப்பெயராகிவிட்டது.

1. முதலில், வேண்டுமா என்று பார்

பெரிய கழிவுக் குழாய்க்குப் பக்கத்தில் டாய்லெட் வைக்க முடிந்தால், கொஞ்சம் கூடச் செலவானாலும் அதையே செய். சரிவுக்குக் கரண்ட் வேண்டாம், ரிப்பேரும் கிடையாது. இங்கிலாந்துக் கட்டட விதிப்படி, பம்ப் இல்லாமல் சரிவில் இறங்கும் டாய்லெட் ஒன்றாவது வீட்டில் இருந்தால்தான் மேசரேட்டர் வைக்கலாம். உன் மாடி டாய்லெட் இருப்பதால் உனக்குத் தடையில்லை. ஒரே டாய்லெட் உள்ள ஃபிளாட்டில் இருப்பவர்கள் இந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். கரண்ட் போனால் இந்த டாய்லெட்டும் போச்சு என்பதையும் அம்மாவிடம் முன்பே சொல்லிவை.

2. பைப் போகும் வழியை முதலில் வரை

எல்லோரும் கடையில் பெட்டியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நீ ஒரு தாளில் பைப்பை வரை.

* பைப் மேலே ஏற வேண்டுமென்றால், பெட்டியை விட்டு வெளியே வந்த உடனே ஏறட்டும். கொஞ்ச தூரம் படுக்கையாகப் போய்விட்டு அப்புறம் ஏறினால் அழுக்கு அந்த இடத்தில் தங்கும்.
* ஏறிய பிறகு, பெரிய குழாயில் சேரும்வரை மீட்டருக்கு 1 செ.மீ. வீதமாவது சரிவு வேண்டும். நடுவில் தொங்கும் இடம் இருக்கக் கூடாது.
* 90 டிகிரி எல்போ வேண்டாம். இரண்டு 45 டிகிரி போட்டால் அடைப்பு குறையும்.
* வீட்டு மாடல்கள் பலவும் நான்கைந்து மீட்டர் உயரம் ஏற்றும். ஆனால் 1 மீட்டர் ஏறினால், படுக்கையில் போகக்கூடிய தூரத்தில் சுமார் 10 மீட்டர் கழிந்துவிடும் என்று பிளம்பர்கள் கணக்கு வைப்பார்கள். டப்பாவில் போட்டிருக்கும் உயரத்தையும் தூரத்தையும் சேர்த்து நம்பிவிடாதே.
* ஏறும் பைப்பின் அடியில் ஒரு சின்ன வடிகால் வால்வு கேட்டு வாங்கு. ரிப்பேர் அன்று, பைப்பில் நிற்கும் அழுக்குத் தண்ணீர் தரையில் கொட்டாமல் பக்கெட்டில் இறங்கும்.
* வெளிச்சுவர், கராஜ் வழியாகப் போகும் பைப்புக்குப் பஞ்சு உறை போடு. ஜனவரியில் உள்ளே உறைந்தால் மோட்டார் என்ன செய்யும்?

3. கரண்ட் வேலையை எலக்ட்ரீஷியனிடம் கொடு

இங்கே இதற்குச் சாதாரண பிளக் பாயின்ட் கிடையாது. ஃபியூஸ் உள்ள தனி இணைப்புப் பெட்டி வேண்டும். கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. பாதுகாப்பும் வேண்டும். பிளம்பர் “நானே மாட்டித் தர்றேன்” என்றால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடு.

4. பெட்டிக்கு ஒரு கதவு வை

என் சுவர் உடைந்த கதை இதுதான். பெட்டி அசிங்கமாகத் தெரிகிறது என்று அதை மறைத்துச் சுவர் எழுப்பி, அழகான டைல்ஸ் ஒட்டினேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாம் வருடம் ஒரு விருந்தாளி வெட் வைப்ஸைப் போட்டு ஃப்ளஷ் செய்தார். அரை மணி நேரத்தில் எடுத்திருக்கலாம். ஆனால் டைல்ஸை உடைத்து, பிறகு பூசி, அதே நிறம் கிடைக்காமல் வேறு நிறம் ஒட்டி ஒரு வாரம் ஓடிப்போனது. பெட்டியை மறைக்கலாம், மூடக் கூடாது. ஸ்க்ரூவைக் கழற்றினால் கையோடு வரும் பலகை போதும். மூடி மேலே எழும்பவும் பெட்டி வெளியே வரவும் இடம் விடு. மூடுவதற்கு முன் பைப், வயர், மாடல் எண் மூன்றையும் போட்டோ எடுத்து வை.

பெட்டி சுவரில் இடிக்காமலும், பைப் கிளிப்பில் இறுக்கமாகவும் இருக்கட்டும். இல்லையென்றால் அம்மா ராத்திரி போகும் ஒவ்வொரு முறையும் வீடே விழிக்கும்.

5. எதை இணைக்கலாம்?

வாஷ்பேசினும் ஷவரும் இணைக்கக்கூடிய மாடல்கள் இருக்கின்றன. ஷவர் தண்ணீர் சரிவில்தான் பெட்டிக்குள் வர வேண்டும் என்பதால் ஷவர் தட்டைத் தரையிலிருந்து உயர்த்துவார்கள். முழங்கால் வலிக்காரிக்கு அதுவும் ஒரு படிதான். யோசித்துச் செய். வாஷிங் மெஷின், டிஷ்வாஷர் தண்ணீரின் சூட்டை எல்லா மாடலும் தாங்காது.

எண்ணெய்க் குளியலை மட்டும் மாடியில் வைத்துக்கொள். நம்மூரிலேயே மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துவிடும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது கட்டி. லண்டன் குளிரில், விரல் கனப் பைப்பில், உதிர்ந்த முடியும் சேர்ந்தால் மிச்சத்தை நீயே நினைத்துக்கொள்.

6. இதற்கு மூன்று சாப்பாடுதான்

உடம்பு தருவது, டாய்லெட் பேப்பர், தண்ணீர். இவ்வளவுதான். நாப்கின், பஞ்சு, பல்லிடுக்கு நூல், முடி, மீந்துபோன ரசம், எதுவும் கூடாது. பாக்கெட்டில் ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று போட்டிருக்கும் வெட் வைப்ஸும் கூடாது. அவை கரையாமல் கயிறாகத் திரிந்து பிளேடைச் சுற்றிக்கொள்ளும். இந்த விஷயத்தில் நம் சொம்புத் தண்ணீர்ப் பழக்கம் மெஷினுக்கு வரம். ஆனால் இங்கே தரையில் வடிகால் இருக்காது, சிந்தாமல் பார்த்துக்கொள். மூடி போட்ட குப்பைக்கூடை ஒன்று கட்டாயம் வை. கூடை இல்லாவிட்டால் விருந்தாளி வேறு எங்கே போடுவார்?

7. சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லலாம்

* சத்தமே இல்லை: முதலில் ஃபியூஸைப் பார். மோட்டார் சூடாகித் தானே நின்றிருக்கலாம். அரை மணி நேரம் ஆறவிட்டுப் பார்.
* ‘உம்ம்’ என்று முனகுகிறது, சுற்றவில்லை: பிளேடில் ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது கண்டன்சர் போயிருக்கிறது. சீலிங் ஃபேன் சுற்றாமல் முனகினால் மாற்றுவோமே, அதே சாமான்தான். கரண்டை நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் நீ தொடாதே.
* கடகடவென்கிறது: கெட்டிப் பொருள் ஏதோ விழுந்திருக்கிறது. உடனே நிறுத்து.
* நிற்காமல் ஓடுகிறது: பைப் அடைத்திருக்கலாம், அல்லது தண்ணீர் மட்டத்தை உணரும் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.
* யாரும் போகாமலே அவ்வப்போது ஓடுகிறது: பெரும்பாலும் எங்கோ தண்ணீர் கசிகிறது. ஃப்ளஷ் டேங்கில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போட்டு அரை மணி நேரம் யாரையும் போகவிடாதே. கோப்பையில் நிறம் தெரிந்தால் டேங்க்தான் கசிகிறது. தெரியாவிட்டால், சொட்டும் குழாயைப் பார். அதுவும் இல்லையென்றால், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு தேய்ந்திருக்கலாம். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு போன கதைதான்.

8. நீயே திறப்பதானால்

ஃபியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, யாராவது போட்டுவிடுவார்கள். நீளக் கையுறையும் பழைய துணியும் எடுத்துக்கொள். வடிகால் வால்வைத் திறந்து பைப்பில் நிற்கும் தண்ணீரை இறக்கிவிட்டு, பெட்டித் தண்ணீரைப் பழைய டப்பாவால் மொண்டு எடு. சிக்கியதை நீளமூக்குக் கொறடால் இழு. பிளேடுக்குள் விரலை விடவே விடாதே. மோட்டார், சுவிட்ச், வயர் பக்கம் பிரச்சினை என்றால் மூடிவிட்டு ஆளைக் கூப்பிடு.

9. லண்டன் தண்ணீருக்கு வைத்தியம்

இந்த ஊர்த் தண்ணீர் கடின நீர். கெட்டிலில் படியும் அதே சுண்ணாம்பு பெட்டிக்குள்ளும் படியும். மேசரேட்டருக்கென்றே விற்கும் சுண்ணாம்பு நீக்கியை வாங்கு. கரண்டை நிறுத்திவிட்டு, டப்பாவில் சொன்ன அளவு ஊற்றி, சொன்ன நேரம் ஊறவிடு. பிறகு கரண்ட் கொடுத்து இரண்டு மூன்று முறை ஃப்ளஷ் செய். சிங்க் அடைப்புக்கு ஊற்றும் காரமான திரவம் வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பரைக் கெடுத்துவிடும்.

இவ்வளவையும் படித்துவிட்டுத் தங்கை கேட்டாள்: “அப்போ பெட்டி எந்த மாடல்க்கா வாங்கணும்?”

அதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். இந்த வாரம் ஒரு தாள், ஒரு பென்சில், டேப் போதும். என் வீட்டில் இப்போது அந்தப் பலகைக்கு நான்கு ஸ்க்ரூ. டாய்லெட் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு ஸ்க்ரூடிரைவர் தொங்குகிறது. டைல்ஸைப் பாராட்டுகிறவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், நான் அதை எடுப்பதாக இல்லை.