நீரிழிவுடையோர்க்குச் செட்டிநாட்டுக் காலைப் பலகாரம்

நீரிழிவு என்று வைத்தியர் சொன்ன மறுநாளே இட்லிக் கொப்பரையை ஒதுக்கிவிட்டு ஓட்ஸ் கஞ்சிக்கு மாறுவோரும், ஒரு வேளை பட்டினி கிடந்தால் சர்க்கரை தானே இறங்கிவிடும் என்று நம்பிப் பலகாரத்தையே விட்டுவிடுவோரும், சில மாதங்களுக்குள் சலித்துப்போய்ப் பழைய வழக்கத்திற்கே திரும்பிவிடுவதைத் திருப்பத்தூர் வட்டாரத்து வீடுகளில் காணலாம். இவ்விரண்டு மார்க்கமும் அவசியமில்லை. நம்மூர்ப் பலகாரத்தையே அளவும் சேர்க்கையும் வரிசையும் அறிந்து உண்டு, அதன் பலனை இரத்தப் பரிசோதனையால் தெரிந்துகொள்ளும் முறையைப் படிப்படியாக இங்கே விளக்குகிறேன்.

காலை வேளைக்கு ஏன் இத்தனை கவனம் வேண்டுமெனில், விடியற்காலையில் கார்ட்டிசால் முதலிய ஹார்மோன்கள் மிகுந்து, கல்லீரல் தன்னிடமுள்ள குளுக்கோஸை இரத்தத்தில் விடுகிறது. இன்சுலினின் வேலையும் அப்போது மந்தப்படுகிறது. ஆரோக்கியமான சரீரம் இன்சுலினை அதிகமாகச் சுரந்து இதைச் சமாளித்துக்கொள்ளும். நீரிழிவுற்ற சரீரத்தால் அது இயலாது. அந்த வேளையில், நைய அரைத்து ஆவியில் வெந்த அரிசிமாவு விரைவில் ஜீரணமாகிக் குளுக்கோஸாகக் கலப்பதால், பலருக்கு அன்றைய தினத்தின் மிக உயர்ந்த அளவு காலை ஆகாரத்திற்குப் பின்னரே நேர்கிறது.

முதற்படி: அளந்தறிதல்

வழக்கமான பலகாரத்தை மாற்றாமலே, வெறும் வயிற்றில் ஒரு முறையும், முதற்கவளம் உண்ட நேரத்திலிருந்து இரண்டு மணி கழித்து ஒரு முறையும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். விரலில் பழச்சாறோ சர்க்கரையோ ஒட்டியிருந்தால் அளவு பொய்யாக உயருமாதலால், கையைக் கழுவி ஈரம் போகத் துடைப்பது முக்கியம். வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 80 முதல் 130 மில்லிகிராம் வரையிலும், உணவுக்குப் பின் 180-க்குள்ளும் இருப்பது பெரும்பாலோருக்கு உரிய இலக்கு. கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் வைத்தியர் வேறு இலக்கு வகுப்பார். உண்டதையும் இரண்டு அளவுகளையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தட்டை வகுத்தல்

தட்டில் பாதியைக் காய்கறிக்கும், கால் பாகத்தைப் பருப்பு, பயறு, முட்டை ஆகியவற்றுள் ஒன்றுக்கும், எஞ்சிய கால் பாகத்தை மட்டும் இட்லி, தோசை, இடியாப்பம் போன்ற மாவுப் பலகாரத்திற்கும் ஒதுக்குங்கள். இதற்கு நம்மவர் சமையலிலேயே நல்ல துணை உண்டு: கத்தரிக்காய்க் கோசமல்லியில் உருளைக்கிழங்கை நீக்கிவிட்டுக் கிண்ணம் நிறைய வைத்துக்கொள்ளலாம், சாம்பாரில் பருப்பையும் காயையும் கெட்டியாகச் சேர்க்கலாம், பாசிப்பயற்றுச் சுண்டல் ஒரு கரண்டி சேர்த்துக்கொள்ளலாம். இட்லி மாவிலும் அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டுவது நன்று.

மூன்றாம் படி: வரிசை

காயையும் பயற்றையும் முதலில் உண்டு, இட்லியைக் கடைசியில் உண்ணுங்கள். நார்ச்சத்தும் புரதமும் முன்னதாகச் சென்றால் இரைப்பை மெதுவாகக் காலியாகி, பின்வரும் மாவுச்சத்து சிறுகச் சிறுக இரத்தத்தை அடைகிறது. அதே உணவு, அதே அளவு, ஆயினும் ஏற்றம் குறைகிறது.

நான்காம் படி: பெயரால் ஏமாறாதிருத்தல்

1981-ஆம் ஆண்டு டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் வெளியிட்ட கிளைசீமிக் குறியீடு, சம அளவு மாவுச்சத்துள்ள உணவுகளும் சர்க்கரையை வெவ்வேறு வேகத்தில் ஏற்றுகின்றன என்பதை உலகுக்கு உணர்த்தியது. அரைக்கும் விதமும் சமைக்கும் விதமும் அந்த வேகத்தை மாற்றுவன. ஆகையால் கேழ்வரகு நல்லதென்று கேட்டு, அதை மாவாக்கிக் கூழாகக் குடித்துவிட்டு நிம்மதியாயிருப்பது பிழை. கவுனி அரிசி தவிட்டோடு கூடிய தானியமே எனினும், சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் கலந்த கவுனி அரிசி இனிப்பு நீரிழிவுக்காரருக்கு மருந்தாகிவிடாது. உளுந்தில் கிண்டிய கும்மாயத்திலும் கருப்பட்டி இருக்கிறது. கருப்பட்டி, வெல்லம், தேன் எதுவாயினும் இரத்தத்தில் சர்க்கரையாகவே முடிகிறது. எண்ணெயில் பொரித்த வெள்ளைப் பணியாரத்தைப் பொறுத்தவரை மற்றொரு சூட்சுமம் உண்டு: கொழுப்பு ஜீரணத்தைத் தாமதிக்கச் செய்வதால், இரண்டு மணியில் அளவு சாதுவாகத் தோன்றிப் பிற்பாடு ஏறக்கூடும், அதை உண்ட நாளில் நான்காம் மணியிலும் ஒரு முறை பாருங்கள். காப்பியைச் சர்க்கரையில்லாமல் பழகிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: நேரமும் நடையும்

பலகாரத்தைத் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உண்டு, உண்டபின் பத்துப் பதினைந்து நிமிஷம் மெதுவாக நடந்தால், உழைக்கும் தசைகள் இரத்தத்திலுள்ள குளுக்கோஸை ஏற்றுக்கொள்ளும். திருப்பத்தூர்த் திருத்தளிநாதர் கோயில் பிராகாரத்தை வலம் வருவோர், பாதத்தில் மரமரப்பு இருப்பின், கல்தளம் சூடேறுமுன் வந்துவிட வேண்டும். உணர்ச்சி குன்றிய பாதத்தில் கொப்புளம் எழுந்தாலும் தெரியாது. அத்தகையோர் வெளியே செருப்பணிந்து நடப்பதே உத்தமம்.

இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்வோர் பலகாரத்தைத் தவிர்ப்பது அபாயம். நடுக்கம், வியர்வை, படபடப்பு கண்டு அளவு 70-க்குக் கீழிறங்கினால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, பதினைந்து நிமிஷத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தவறியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆறாம் படி: ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்த்தல்

இந்த மாறுதல்களை ஒரே நாளில் செய்துவிடாமல், சில நாட்கள் இட்லியின் எண்ணிக்கையை மட்டும் குறைத்தும், அடுத்த சில நாட்கள் வரிசையை மட்டும் மாற்றியும் அளவுகளைக் குறித்துவந்தால், எது உங்கள் சரீரத்திற்கு உதவிற்று என்பது ஐயமின்றி விளங்கும். அண்டைவீட்டாருக்கு ஒத்துக்கொண்ட ஆகாரம் உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்ற நியதியில்லை. கருவி வாங்க வசதியில்லாதோர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிப் பரிசோதித்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர் வீட்டிற்கு வரும்போதும் கேட்டறியலாம்.

அந்த நோட்டை அடுத்த முறை வைத்தியரிடம் தவறாமல் காட்டுங்கள். மாத்திரையின் அளவை அவரே மாற்றட்டும், தட்டின் அளவை இன்றே நீங்கள் மாற்றுங்கள்.