இரத்தத்தில் பிராணவாயு: கோலார் தங்கவயல் தரும் பாடம்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை தோண்டப்பட்டது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கிய பணி, 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதோடு முடிவுற்றது. வட ஆற்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் குடியேறிய தமிழர்கள் அங்குத் தொழிலாளரிடையே பெருந்தொகையினராக இருந்தனர். அவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் மூச்சுத் திணறல் நேர்ந்தது.

பூமியின் ஆழத்தில் பிராணவாயு குறைவு என்பதே இதற்குக் காரணம் எனச் சிலர் கருதுவர். இது பொருந்தாது. தங்கவயல் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. சுரங்கத்தின் அடித்தளமோ கடல் மட்டத்திற்குக் கீழே 2 கிலோமீட்டருக்கும் அப்பால் சென்றது. அங்குக் காற்றழுத்தம் மிகுதி. காற்றோட்டம் சீராக இருப்பின் பிராணவாயுவின் அழுத்தமும் மேல்தளத்தைவிட மிகுதியாகவே இருக்கும். உண்மையான பகை, தங்கம் பொதிந்த குவார்ட்ஸ் பாறையைத் துளையிடும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசியே. அது நுரையீரலின் காற்றுப் பைகளை அடைந்து தழும்பை உண்டாக்குகிறது. சிலிகோசிஸ் எனப்படும் இந்நோய்க்கு மைசூர் அரசு 1940ஆம் ஆண்டிலேயே தனி விதிகள் வகுத்தது.

குருதி சுமக்கும் அளவு

சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் ஒரு கிராம், சுமார் 1.34 மில்லிலிட்டர் பிராணவாயுவை ஏற்கும். அதன் கொள்திறனில் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பதே செறிவு விழுக்காடு. நலமுள்ளவரின் தமனிக் குருதியில் இது பொதுவாக 95 முதல் 100 வரை இருக்கும்.

இந்த எண் மெல்ல இறங்குவதன்று என்பதை மாணவர் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். தமனியில் பிராணவாயுவின் அழுத்தம் 95 மில்லிமீட்டரிலிருந்து 60க்கு வீழ்ந்தாலும், செறிவு ஏறத்தாழ 97இலிருந்து 90க்கே குறையும். அழுத்தம் மேலும் 20 குறைந்து 40ஐ எட்டினால் செறிவு 75 ஆகிவிடும். எனவே நுரையீரல் பெரிதும் பழுதுற்ற பின்னரும் எண் நன்றாகவே தோன்றக்கூடும்.

விரல்நுனிக் கருவி

ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயகி 1970களில் வகுத்த நெறியே இன்றைய பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படை. 660 நானோமீட்டர் அளவிலான செந்நிற ஒளியும், 940 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பு ஒளியும் விரலினூடே செலுத்தப்படுகின்றன. பிராணவாயு ஏற்ற ஹீமோகுளோபின் செந்நிற ஒளியைக் குறைவாகவும், ஏற்காதது மிகுதியாகவும் கவர்கின்றன. நாடித்துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துக் கருவி கணக்கிடுகிறது. 2020இல் கொரோனா பரவியபோது இக்கருவி இல்லந்தோறும் புகுந்தது. அதன் குறைகளை அறிந்தோர் மட்டும் அவ்வளவாகப் பெருகவில்லை.

குளிர்ந்த விரல், நடுக்கம், நகப்பூச்சு ஆகியவை அளவைப் பிறழச் செய்யும். கருநிறத் தோலில் அளவு சற்று உயர்வாகத் தோன்றுவதும் உண்டு. சுரங்கத் தொழிலில் இன்னும் அபாயமானது ஒன்று உண்டு. வெடிவைப்பில் எழும் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டால், சாதாரணக் கருவி அதையும் பிராணவாயுவாகவே எண்ணிவிடும். மயங்கிக் கிடப்பவருக்கு 98 என்று காட்டலாம். அந்நிலையில் குருதி எடுத்து ஆய்வதே வழி.

ஓய்வும் உழைப்பும்

ஓய்வில் குருதி, நுரையீரலின் நுண்குழாய்களில் முக்கால் விநாடியளவு தங்குகிறது. நலமுள்ள சுவரைக் கடந்து பிராணவாயு ஏறுவதற்கு அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். உழைக்கும்போது தங்கும் நேரம் கால் விநாடியாகச் சுருங்கலாம். தழும்பேறிய சுவருக்கு அந்நேரம் போதாது. நாற்காலியில் அமர்ந்திருக்கையில் 96 காட்டும் முதியவர், தண்ணீர்க் குடத்துடன் நடக்கையில் 88க்கு இறங்குவது இவ்வாறே.

ஆகவே இயலாமையை மதிப்பிடும் அலுவலர், அமர்ந்த நிலையில் எடுத்த ஒரே எண்ணைக் கொண்டு ஒருவரை நலமுள்ளவரெனத் தீர்மானித்தல் முறையன்று. சமதரையில் 6 நிமிடம் நடக்கச் செய்து, முன்னும் பின்னும் அளந்து, இடையில் கண்ட மிகக் குறைந்த எண்ணையும் குறிக்க வேண்டும். 4 புள்ளிகள் குறைந்தாலே கவனத்திற்குரியது. நோயின் பெயரை இக்கருவி கூறாது. அதற்கு மார்பின் எக்ஸ்ரே படமும், எந்தச் சுரங்கத்தில், எந்த வேலையில், எத்தனை ஆண்டுகள் என்ற பணி வரலாறும் தேவை. தூசியிலிருந்து விலகிய பின்னரும் தழும்பு வளரக்கூடுமாதலால், 2001இல் பணி நீங்கியோருக்கும் இப்பரிசோதனை ஆண்டுதோறும் நடைபெறுதல் வேண்டும்.