ஹோமோசிஸ்டீன் 24ஆ? பதறாதே தங்கச்சி!

ராத்திரி பத்தரை மணிக்கு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்பி, "அக்கா, ஹார்ட் அட்டாக் வந்துடுமா?"ன்னு கேட்டியே, அதுக்குத்தான் இது. வழக்கமா 5லேர்ந்து 15 மைக்ரோமோல் வரைக்கும் இருக்கலாம். 24 கூடுதல்தான். ஆனா தூக்கத்தைத் தொலைக்கிற அளவுக்கு இல்லை.

முதல்ல ஒண்ணு சொல்லு. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த பையன், அதைப் பையில போட்டுக்கிட்டு இன்னும் நாலு வீடு சுத்தினானா? எடுத்த ரத்தத்தைச் சீக்கிரம் பிரிக்கலைன்னா, சிவப்பணுக்கள்லேர்ந்து ஹோமோசிஸ்டீன் கசிஞ்சு அளவு ஏறிடும். அதனால வெறும் வயித்துல லேபுக்கே போய் இன்னொரு தடவை கொடு.

திரும்பவும் கூடுதலா வந்தா, காரணத்தைத் தேடணும். நாம சாப்பிடுற புரதத்துல மெத்தியோனின் இருக்கு. அது உடம்புல உருமாறும்போது நடுவுல வர்ற சரக்குதான் இந்த ஹோமோசிஸ்டீன். பி12, ஃபோலேட், பி6 மூணும் போதுமான அளவு இருந்தா வேற பொருளா மாறிடும். குறைஞ்சா ரத்தத்துல தேங்கும். ரத்தக்குழாயோட உள்சுவர்ல ஒரே ஒரு செல் கனத்துக்கு ஒரு படலம் இருக்கு. அது சுரக்கிற நைட்ரிக் ஆக்சைடாலதான் குழாய் தேவைக்கேத்த மாதிரி விரியுது. ஹோமோசிஸ்டீன் தேங்கினா அந்த நைட்ரிக் ஆக்சைடு குறையும், குழாய் சரியா விரியாது, ரத்தம் உறையுற போக்கும் கூடும். அமெரிக்க டாக்டர் கில்மர் மெக்கல்லி 1969லயே இந்தச் சந்தேகத்தைக் கிளப்பினார். பிறவியிலேயே இது எக்கச்சக்கமா இருந்த குழந்தைகளோட ரத்தக்குழாய்களைப் பார்த்துத்தான்.

உன் விஷயத்துல எனக்கு பி12 மேலதான் சந்தேகம். நீ சுத்த சைவம், பாலும் பிடிக்காது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வேற வருஷக்கணக்கா போடுறே, அது பி12 உடம்புல சேர்றதைக் குறைக்கும். தினமும் காலையில போடுற ஆசிட் மாத்திரையும் அப்படித்தான். டாக்டர்கிட்ட ரெண்டையும் சொல்லு, நீயா நிறுத்திடாதே. தைராய்டு, கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லு.

மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஃபோலிக் ஆசிட் மட்டும் வாங்கிப் போட்டுக்கிற வேலை வேணாம். பி12 குறைவா இருக்கும்போது அது ரத்தசோகையை மூடி மறைச்சிடும். நரம்பு பாட்டுக்கு உள்ளே கெட்டுக்கிட்டே இருக்கும். கால் மதமதப்பு வந்தப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

சாப்பாட்டுல முருங்கைக்கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை சேர்த்துக்கோ, ஃபோலேட் கிடைக்கும். கீரையை வேகவெச்ச தண்ணியைக் கொட்டாதே. ஆனா எந்தக் கீரையிலயும் பி12 கிடையாது. தயிராவது தினம் ஊத்திக்கோ.

மாத்திரை போட்டா நம்பர் இறங்கிடும், உண்மைதான். ஆனா 2006ல வந்த ஹோப்-2, நார்விட் ரெண்டு ஆய்வுலயும் நம்பர் இறங்கியும் மாரடைப்பு குறையலை. அதனால மாத்திரை போட்டாச்சேன்னு பிரஷரையும் சர்க்கரையையும் கோட்டை விட்டுடாதே.

பி12 மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டெஸ்ட் எடுத்துடணும். சனிக்கிழமை காலையில போ. காபி வந்து குடிச்சுக்கலாம்.