அகிலம் வாசிப்பில் அவரவர் அளவு

அய்யா உண்டு.

கார்த்திகை மாதத் திருஏடு வாசிப்பு முடிந்து, பட்டாபிஷேகமும் கண்டு, இனிமம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் அன்புக்கொடி மக்கள் பலருக்கு ஓர் எண்ணம் தோன்றும். "தாங்கலில் உட்கார்ந்து கேட்டது போதாது. இனி வீட்டிலும் அகிலத்தை எடுத்து வாசிக்க வேண்டும்" என்பதே அது. நல்ல எண்ணம். அன்று இரவே விளக்கேற்றி, நாமம் தரித்து, ஏட்டைத் திறந்து பத்துப் பக்கம் வாசிப்பார்கள். மறுநாளும் பத்துப் பக்கம். மார்கழிக் குளிரில் அது ஐந்தாகும். தைப்பொங்கல் வேலையில் இரண்டு மூன்று நாள் விட்டுப்போகும். விட்டதையும் சேர்த்து வாசிக்க வேண்டுமே என்ற பாரம் மனதில் ஏறும். மாசி பிறக்கும்போது ஏடு துணிக்குள் போய் அலமாரியில் ஏறிவிடும்.

இப்படி மூடிய ஏடுகள் சங்கரன்கோவில் வட்டாரத்து வீடுகளிலும் உண்டு, மற்ற ஊர்களிலும் உண்டு. அய்யா மீது அன்பு குறைந்து யாரும் ஏட்டை மூடுவதில்லை. தம்மால் தினமும் எவ்வளவு முடியும் என்று பார்க்காமல் தொடங்கியதால்தான் பாதியில் நிற்கிறது. அந்த அளவை எப்படிக் கண்டுகொள்வது என்பதே இந்தப் பாடம்.

தாங்கல் வாசிப்பும் வீட்டு வாசிப்பும்

அகிலத்திரட்டு அம்மானை 17 பகுதிகளும் 15,000-க்கும் மேற்பட்ட அடிகளும் கொண்டது. சுவாமிதோப்பில் கார்த்திகையில் 17 நாள் திருஏடு வாசிப்பு நடக்கிறது. 15,000 அடியை 17 நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 900 அடி வருகிறது. பத்து நாளில் முடிக்கும் தாங்கல்களில் இன்னும் கூடும்.

அந்த வேகம் அங்கே பொருந்துகிறது. ஒருவர் களைத்தால் அடுத்தவர் ஏட்டை எடுப்பார். புரியாத இடத்தில் பொருள் சொல்லப் பெரியவர்கள் இருப்பார்கள். சமையல் ஒரு பக்கம் நடக்கும். பக்கத்தில் இருப்பவரின் பக்தி நம்மையும் தூக்கி நிறுத்தும். தேர் வடத்தில் நூறு கை சேர்ந்தால் பாரம் தெரியாது.

வீட்டில் வாசிப்பவர் தனி ஆள். பகல் முழுவதும் உழைத்துவிட்டு வருபவர். அவர் தாங்கலின் வேகத்தை வீட்டுக்குக் கொண்டுவர முயன்றால், நூறு பேர் இழுத்த வடத்தை ஒருவரே இழுப்பது போல் ஆகும். தாங்கலில் கேட்பது ஊரோடு சேர்ந்து அகிலம் முழுவதையும் ஒருமுறை கண்டு வருவது. வீட்டில் வாசிப்பது அதில் ஒவ்வோர் இடத்திலும் நின்று பார்ப்பது. இரண்டும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே வேகம் வேண்டியதில்லை.

அய்யா காட்டிய படிமுறை

கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-ஆம் நாள் திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டர் அவதரித்து வந்தார். அதற்கு முன் கடலினுள்ளே நாராயணர் அவருக்கு விஞ்சை அருளினார் என்கிறது அகிலம். அத்தோடு விஞ்சை முடிந்துவிடவில்லை. பின்னர் முட்டப்பதிக் கடலிலும் விஞ்சை அருளப்பட்டது. ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க நாராயணருக்கு முடியாதா? ஆனாலும் உபதேசம் காலம் பார்த்து, கட்டம் கட்டமாகவே வந்தது.

தவமும் அப்படியே. பூவண்டன்தோப்பில் அய்யா ஆறு ஆண்டு தவம் இருந்தார். அந்த ஆறு ஆண்டும் இரண்டிரண்டு ஆண்டாக மூன்று நிலையாக அமைந்தது. முதல் நிலை முடிந்த பிறகே அடுத்த நிலை. அய்யாவே இப்படி இருந்து காட்டியிருக்க, அவர் மக்கள் ஒரு மாதத்தில் எல்லாம் தெரிந்துகொள்ள ஏன் பரபரக்க வேண்டும்?

துவையல் தவசையும் நினைத்துப் பார்க்கலாம். எழுநூறு குடும்பத்தார் வாகைப்பதியிலும் பின் முட்டப்பதியிலும் தங்கி, நாள்தோறும் குளித்து, துணி துவைத்து, தூய்மை பழகினார்கள். ஒரே நாள் அடித்துத் துவைத்துவிட்டு, இனி அழுக்கு வராது என்று யாரும் இருக்கவில்லை. இன்று துவைத்த துணியை நாளையும் துவைக்க வேண்டும். மனதுக்கு வாசிப்பும் அப்படித்தான். ஒரே நாள் பெரிதாகச் செய்வதைவிடத் தினமும் சிறிதாகச் செய்வதே பழக்கத்தைத் தருகிறது.

இன்னொன்று. சகாதேவன் சீடரான தாமரைகுளம் அரிகோபாலன் சீடர் வழியாக அகிலம் எழுத்தில் வந்தது கொல்லம் 1016 கார்த்திகை 27-இல். அது அச்சுப் புத்தகமானது 1939-இல்தான். இடைப்பட்ட ஏறக்குறைய நூறு ஆண்டும் ஓலையில் பார்த்து எழுதிக்கொண்டார்கள், ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டார்கள். ஓலையில் எழுத்தாணி வேகமாக ஓடாது. எழுத்தே எட்டாமல் வைக்கப்பட்டிருந்த மக்கள் காதால் கேட்டு, நெஞ்சில் நிறுத்தி, பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். தாங்கல்கள் தொடக்க காலத்தில் எழுத்தறிவு தரும் இடங்களாகவும் இருந்தன. அவ்வளவு பாடுபட்டு வந்த ஏடு இன்று வீட்டில் இருந்தும் மூடிக் கிடந்தால், அது பெரிய இழப்பு. ஆகவேதான் அளவு தெரிந்து தொடங்குவது முக்கியம்.

தறியும் ஆடிச்சுற்றும்

சங்கரன்கோவில் தறி ஊர். விசைத்தறி ஓட்டுபவருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பாவில் ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். "நேரம் போகிறதே" என்று அறுந்த இழையோடு ஓட்டினால், துணி நீளும். ஆனால் அந்த நீளம் முழுவதும் குறை விழும். விலைக்குப் போகாது.

அகிலம் வாசிக்கையில் பொருள் விளங்காத இடம் அறுந்த இழை. அங்கே நிற்க வேண்டும். திரும்ப ஒருமுறை வாசிக்க வேண்டும். அப்போதும் விளங்காவிட்டால் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தாங்கலுக்குப் போகும்போது பெரியவர்களிடம் கேட்க வேண்டும். அதுவே முடிச்சு. பக்கம் எத்தனை ஓடியது என்று மட்டும் பார்ப்பவர் குறைத்துணியை நீளமாக நெய்தவர் ஆவார்.

ஊரில் ஆடித்தபசு வருகிறது. கொடியேறிய நாள்முதல் மக்கள் ஆடிச்சுற்று சுற்றுகிறார்கள். இத்தனை சுற்று என்று நேர்ந்துகொண்டவர்கள் எல்லாரும் அதை ஒரே நாளில் முடிப்பதில்லை. இளைஞர் விறுவிறுவென்று சுற்றுவார். வயதான ஆச்சி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கங்கே உட்கார்ந்து, நாளுக்குச் சிலவாகச் சுற்றுவார். ஆச்சியின் சுற்று குறைந்தது என்று யாரும் சொல்வதில்லை. நடையில் இருக்கும் இந்த நியாயம் வாசிப்புக்கும் உண்டு.

அளவைக் கண்டுகொள்ளும் வழி

1. குறைந்த நாளை வைத்து அளவு போட வேண்டும். ஓய்வான ஞாயிற்றுக்கிழமையில் எவ்வளவு முடியும் என்று பார்க்கக்கூடாது. இரவு வேலை முடிந்து வந்த நாளில், பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கும் நாளில் எவ்வளவு முடியுமோ அதுவே தினசரி அளவு. நேரம் இருக்கும் நாளில் கூடுதலாக வாசித்தால் அது மிச்சம்.

2. கணக்கைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. தினம் 40 அடி வாசித்தால் ஓராண்டுக்குச் சற்று மேல் அகிலம் நிறைவாகும். 20 அடி என்றால் இரண்டு ஆண்டும் சில நாளும். 10 அடிதான் முடியும் என்றால் நான்கு ஆண்டுக்குச் சற்று மேல். ஐம்பது வயதில் தினம் பத்து அடி தொடங்கியவர் ஐம்பத்தைந்துக்குள் முழு அகிலத்தையும் தம் வாயால் வாசித்திருப்பார். தினம் நூறு அடி என்று தொடங்கி மாசியில் நிறுத்தியவர் நிறுத்திய இடத்திலேயே இருப்பார்.

3. நிறுத்தும் இடம் பார்த்து நிறுத்த வேண்டும். அகிலம் விருத்தமும் நடையுமாக மாறி மாறி வருகிறது. அடிக் கணக்கு ஒரு கைக்கோல் மட்டுமே. பேச்சு நடுவில் இருக்கும்போது எழுந்துவிடாமல், அடுத்த விருத்தம் தொடங்கும் இடத்துக்கு அருகே நிறுத்தினால் கதை அறுபடாது. நடை மிக நீளமாக இருந்தால், ஒருவர் சொல்லி முடிக்கும் இடத்தில் நிறுத்தலாம்.

4. மறுநாள் காலையில் சோதிக்க வேண்டும். நேற்று வாசித்தது என்ன என்று வீட்டில் ஒருவரிடம் நான்கு வார்த்தையில் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அளவு சரி. ஒன்றும் நினைவுக்கு வராவிட்டால் அளவைப் பாதியாகக் குறைக்கலாம். எளிதாகச் சொல்ல முடிந்து, இன்னும் கேட்க ஆசையும் இருந்தால் சிறிது கூட்டலாம். ஒரு மாதம் பார்த்த பிறகே கூட்டுவது நல்லது.

5. தெரிந்த இடத்தைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். எட்டு யுகங்களின் கதையும், குறோணி ஆறு துண்டாக்கப்பட்ட கதையும் புதிதாக வாசிப்பவருக்குப் பெயர்கள் மிகுந்து கடினமாகத் தோன்றும். உகப்படிப்பும் உச்சிப்படிப்பும் தாங்கலில் சொல்லிச் சொல்லி நாவுக்குப் பழகியவை. முதலில் அவற்றில் ஒன்றைச் சொல்லி மனதை நிறுத்திக்கொண்டு பிறகு அகிலத்தைத் திறந்தால் நா இளகியிருக்கும்.

வாசிக்கத் தெரியாதவர் வீட்டில் இருந்தால் அது குறையாகாது. பேத்தி பத்து அடி வாசிக்கட்டும், ஆச்சி கேட்கட்டும். நாற்பது கார்த்திகை தாங்கலில் கேட்ட காது ஆச்சியுடையது. பிள்ளை தடுமாறும் சொல்லை ஆச்சி எடுத்துக்கொடுப்பார். ஆச்சிக்குத் தெரியாத எழுத்தைப் பிள்ளை வாசிக்கும். இரண்டு பேரில் மெதுவாக நடப்பவர் எவரோ அவரது அளவே அந்த வீட்டின் அளவு.

விட்டுப்போனால் என்ன செய்வது?

ஏடு மூடிக் கிடப்பதற்குப் பெரிய காரணம் சோம்பல் என்று எண்ணுவது உண்டு. அதைவிடப் பெரியது பயம். "தொடங்கிவிட்டு நிறுத்திவிட்டோமே, இனி திறந்தால் குற்றம் வருமோ, அய்யா கோபிப்பாரோ" என்ற பயம். வீட்டில் ஒரு சாவு, ஒரு நோய், வேலை தேடி வெளியூர்ப் பயணம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நாள் கூடக் கூடப் பயமும் கூடும். கடைசியில் ஏடு இருக்கும் அலமாரிப் பக்கமே கண் போகாது.

தலையில் முண்டாசு கட்டக்கூட உரிமையின்றிக் குனிந்து நடந்த மக்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்று வணங்கச் சொன்னவர் அய்யா. அஞ்சி அஞ்சி வாழ்ந்த மக்களின் அச்சத்தைப் போக்க வந்தவர், தம் ஏட்டைத் திறக்கவே அஞ்சும்படி மக்களை வைப்பாரா? ஆறு மாதம் விட்டிருந்தாலும் சரி, ஆறு ஆண்டு விட்டிருந்தாலும் சரி, கை கால் கழுவி, நாமம் தரித்து, விட்ட இடத்துக்கு ஒரு விருத்தம் முன்னால் போய்த் தொடங்கலாம். விட்ட நாட்களின் கணக்கைக் கூட்டி வாசிக்க வேண்டாம். அந்தப் பாரம்தான் மறுபடியும் ஏட்டை மூடவைக்கும்.

பிள்ளையின் பரீட்சைக்காக, கடன் தீர்வதற்காக இத்தனை நாளில் வாசித்து முடிக்கிறேன் என்று நேர்ந்துகொள்வதும் உண்டு. துன்பத்தில் அய்யாவிடம் போவது பிள்ளைகளின் உரிமை. ஆனால் நாள் குறித்துவிட்டால் கண் எழுத்தின் மேல் இருக்காது, நாள்காட்டியின் மேல் இருக்கும். வேண்டுதலை அய்யாவிடம் சொல்லிவிட்டு, வாசிப்பை அதன் போக்கில் விடுவது மனதுக்கு அமைதி.

வேகம் கூடியதன் அடையாளம்

மெதுவாக வாசிப்பதும் சாக்காகிவிடக்கூடாது. "எனக்கு இவ்வளவுதான்" என்று சொல்லி வாரத்துக்கு ஒருமுறை ஏட்டைத் தொட்டு வைப்பது நிதானம் ஆகாது. அளவு சிறிதாக இருக்கலாம். நாள் தவறாமல் இருக்க முயல வேண்டும்.

கடைசி உரைகல் ஒன்று உண்டு. ஒருவர் அகிலத்தை மூன்று முறை வாசித்து முடித்தவர் என்று வைத்துக்கொள்வோம். வரப்புத் தகராறில் உடன்பிறந்த தம்பியோடு பேச்சு இல்லை. தம் வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஏழைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை. அவருடைய வாசிப்பு அவரைவிட வேகமாக ஓடிவிட்டது. நான்காம் முறை தொடங்குவதற்கு முன் அவர் தம்பி வீட்டுக்கு ஒருமுறை போய்வரலாம். அய்யா சொன்ன தர்மத்தில் ஓர் அடி நடந்தவர், ஏட்டில் நூறு அடி கடந்தவருக்குப் பின்தங்கியவர் ஆகமாட்டார்.

வீட்டில் பேசிக்கொள்ள மூன்று கேள்விகள்: சென்ற வாரம் வாசித்ததில் நினைவில் நிற்பது எது? விளங்காமல் குறித்து வைத்தது எது? அதனால் நடத்தையில் மாறியது எது? மூன்றுக்கும் பதில் கிடைக்கும் அளவே அந்த வீட்டுக்கு உரிய அளவு.

அடுத்த கார்த்திகையில் தாங்கலில் திருஏடு வாசிப்பு நடக்கும். வீட்டில் பத்துப் பத்து அடியாக வாசித்தவரும் கூட்டத்தில் ஒரு ஓரமாக அமர்ந்திருப்பார். அவர் வாசித்த பகுதி வரும்போது, ஏடு வாசிப்பவர் அடுத்த சொல்லை எடுக்கும் முன்பே அவருடைய உதடு அதைச் சொல்லும். பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. அய்யாவுக்குத் தெரியும்.

அய்யா உண்டு.