வெளிநாட்டில் படித்துவிட்டு எஃப்.எம்.ஜி.இ. எழுதும் தம்பி தங்கைகளுக்கு

காஞ்சிபுரத்தில் ஓ.பி. பார்த்தே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். 300 கேள்விகள், 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. இதைப் பொது அறிவுப் போட்டிபோல் படிக்காதீர்கள். ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு நோயாளி வந்து உட்கார்ந்திருக்கிறார்.

1. நான்கு விடைகளையும் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். வயது என்ன, எத்தனை நாளாக, எது முதலில் வந்தது என்று பாருங்கள். தோன்றும் நோய்களை எழுதிவிட்டு அப்புறம் கையை எடுங்கள்.

2. தொழில் துப்பும் கொடுக்கும், ஏமாற்றவும் செய்யும். பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளி முதுகுவலி என்று வருகிறார். நாளெல்லாம் தறிக்குழியில் காலை விட்டுக் குனிந்து உட்காருகிறவர். தறியால் வந்த வலி என்று சொல்லத்தான் வாய் வரும். சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். முதுகெலும்பை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் துள்ளுகிறாரா? சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா, வலி ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறதா என்று கேளுங்கள். ஆமென்றால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். கால் செயலிழப்பதற்குள் எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும். அதே வலியோடு வருபவர் அறுபதைத் தாண்டியவர், சிறுநீர் கழிக்கவும் சிரமப்படுகிறார் என்றால், புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பாருங்கள். வலி ஒன்றுதான், கூட வருகிறவைதான் நோயைக் காட்டிக்கொடுக்கும்.

3. சோதனையைக் காரணத்தோடு படியுங்கள். யானைக்கால் நோய்க்கு ஏன் இரவு 10 மணிக்கு மேல் ரத்தம் எடுக்கிறார்கள்? நம் பக்கத்து மைக்ரோஃபைலேரியா நள்ளிரவை ஒட்டித்தான் வெளி ரத்தத்தில் மிகுதியாக உலவும். அதைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரமும் இரவுதான். இப்படிப் படித்தது மறக்காது.

4. ‘அடுத்து என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். வைகாசி கருட சேவைக் கூட்டத்தில், வெயில் ஏறிய பிறகு ஒருவர் சுருண்டு விழுகிறார். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது, பேச்சு குழறுகிறது. இது ஹீட் ஸ்ட்ரோக். வியர்க்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்கேனுக்கு அனுப்பிக் காத்திருக்கவும் கூடாது. உடம்பைக் குளிர்விப்பதுதான் முதல் வேலை. பாராசிட்டமால் இங்கே பயன்படாது.

5. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஒரு கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். ஓ.பி.யில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் சீனியரைக் கூப்பிடுங்கள்.